பாரம் விழும் இடங்கள்

நாமக்கல்லில் பிசியோதெரபி மாணவர்களுக்கு உடற்கூறியல் எடுத்த ஆண்டுகளில், கால் பாடம் வரும் வாரம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். பாடம் கடினமானதல்ல. தோலுக்கு அடியில் விரலால் தடவி உணரக்கூடிய எலும்பு மேடுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பேனாவால் வட்டம் போட வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் காலைக் கொடுக்க வேண்டும். பையன்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். மாணவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் வகுப்பு முழுவதும் ஓர் ஆணின் காலைத் தொட்டுத்தான் படித்துவிட்டுப் போகும். பாடநூலைத் திறந்தால் அங்கேயும் பெரும்பாலும் ஆணின் கால்தான்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு சேலையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு என் காலையே நாற்காலியில் வைத்துக் காட்ட ஆரம்பித்தேன். பெண்ணின் கால் எலும்பு எப்படி இருக்கும் என்பதைப் பெண்களுக்குக் காட்டிவிட்டேன் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை உடைத்தது என் அம்மாவின் இடது பாதம். அங்கே வருவதற்கு முன்னால் நீங்களும் ஒருமுறை உங்கள் காலைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

முழங்கால் சில்லு எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே இரண்டு விரல்கடை தள்ளித் தடவினால் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். மண்டியிட்டு வீடு துடைக்கும்போது தரையில் ஊன்றுவது அதுதான். அங்கிருந்து நேராகக் கீழே இறங்கினால் காலின் முன்பக்க எலும்பு. தோலுக்கும் அதற்கும் நடுவே சதையே கிடையாது. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவது அதனால்தான். வர்ம மருத்துவத்தில் இங்கே இருக்கும் ஒரு புள்ளிக்குக் குதிரைமுக வர்மம் என்று பெயர். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓர் உருண்டையான மேடு இருக்கிறது. அது ஃபிபுலா எலும்பின் தலை. அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தைத் தூக்கி நடக்கவைக்கும் நரம்பு அது.

இன்னும் கீழே கணுக்கால். எங்கள் பக்கம் கரண்டைக்கால் என்போம். இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பு மொளிகளில் உள்பக்கம் இருப்பது சற்று மேலே, வெளிப்பக்கம் இருப்பது சற்றுக் கீழே. உள்மொளிக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி துடிக்கும். பாதத்தின் வெளிவிளிம்பில் பாதி வழியில் ஒரு மேடு. பின்னால் குதிகால். முன்னால், விரல்கள் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பாக, பாதத்தின் அடியில் ஐந்து எலும்புத் தலைகள் வரிசையாக இருக்கின்றன. பெருவிரலுக்கு நேரே இருக்கும் தலைக்கு அடியில் இன்னும் இரண்டு குட்டி எலும்புகள். எள்ளைப் போல இருப்பதால் ஆங்கிலத்திலும் அவற்றுக்கு எள்ளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர். அங்கே செய்யும் கொலுசு நம் காலிலிருந்து நழுவி விழாமல் நிற்பது இந்த மொளிகள் தாங்குவதால்தான். கொலுசைப் பார்க்கிறோம், அதைத் தாங்கும் எலும்பைப் பார்ப்பதில்லை. நம் காலை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படித்தான் நாமும் பார்க்கப் பழகியிருக்கிறோம்.

என் அம்மிச்சியின் வெளிமொளி இரண்டும் கறுத்து, காய்த்து, யானைத் தோல் மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டி விளையாடுவேன். அம்மிச்சிக்கு வலிக்காது. ஆயுள் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்த பெண்ணின் மொளி அப்படித்தான் காய்க்கும் என்பது படித்த பிறகே புரிந்தது. உடம்பின் பாரம் எந்த எலும்பு மேட்டின் வழியாகத் தரையில் இறங்குகிறதோ, அங்கே தோல் தடித்துக் கணக்கு எழுதிவைக்கிறது. தோல் அழிந்துபோன பிறகும் எலும்பு அந்தக் கணக்கை வைத்திருக்கிறது.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ். பஞ்சாபிகளின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணுக்காலில் எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தின் முன்விளிம்பில், ஐரோப்பியர்களிடம் அரிதாகக் காணப்படும் சின்னத் தேய்ப்புத் தடங்கள் பஞ்சாபிகளிடம் பரவலாக இருந்தன. குந்தி உட்காரும்போது கணுக்கால் முழுதாக மடிவதால், காலெலும்பு பாத எலும்பின்மேல் அழுந்தி உண்டாகும் தடங்கள் அவை. இந்தத் தடங்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன என்றுகூட அவர் வாதிட்டார். அந்த வாதம் நிலைக்கவில்லை. 1959இல் இந்தர்பீர் சிங் இந்தியர்களின் கணுக்கால் எலும்புகளில் இதே தடங்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மருத்துவ மாணவர்கள் பாடநூல் ஆசிரியராக அறிந்த அதே இந்தர்பீர் சிங்தான்.

நம் ஊரில் குந்தி உட்காருபவர் யார்? அடுப்பு ஊதியவர், பாத்திரம் துலக்கியவர், களை எடுத்தவர், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர். எலும்பில் விழுந்த தடம் அதன் காரணத்தைச் சொல்வதில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்ற இடத்தை, அணை கட்டி நீரில் மூழ்குவதற்கு முன்னால், 1972, 73 ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் தலைமையில் தோண்டினார்கள். கற்காலத்தில் பயிர்செய்யத் தொடங்கிய மக்களின் எலும்புகள் அங்கே கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தியா மோலசன் 1994இல் தன் முடிவுகளைப் பொதுவாசகர்களுக்காக எழுதினார். பல எலும்புக்கூடுகளில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது. முழங்காலிலும் கீழ்முதுகிலும் அழுத்தத்தின் அடையாளங்கள் இருந்தன. கால்விரல்களை மடக்கி ஊன்றி, மண்டியிட்டு, குனிந்து, மணிக்கணக்கில் கல்லில் தானியம் அரைத்தவர்களின் எலும்புகள் அவை. பெரும்பாலும் பெண்களுடையவை.

இதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. எழுத்து தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒருத்தி, யாருக்கும் பெயர் தெரியாத ஒருத்தி, தான் செய்த வேலையைப் பெருவிரலில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெண்கள் வரலாற்றுக்கு ஆவணம் எங்கே என்று கேட்பவர்களிடம் இனி அந்தப் பெருவிரலைக் காட்டலாம்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம். வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் சேகோ மில்லில் குச்சிக்கிழங்கு தோல் உரித்தவர். மலைபோலக் குவித்த கிழங்குக்கு நடுவே பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். கையில் சின்னக் கத்தி. முழங்கால் முழுதாக மடிந்திருக்கும். பாரம் முழுவதும் பாதத்தின் முன்பகுதியில், அந்த ஐந்து எலும்புத் தலைகளின்மேல் இருக்கும். அப்படி மணிக்கணக்கில் குந்தியிருந்தால் ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி ஓடும் நரம்பு நசுங்கி, எழுந்து நடக்கும்போது பாதம் தொங்கிப்போவதும் உண்டு. வயலிலும் தோட்டத்திலும் குந்தி வேலை செய்பவர்களிடம் மருத்துவர்கள் கண்டு எழுதிய கோளாறு அது. மில்லில் அதற்குப் பெயர் "கால் மரத்துப் போச்சு". உதறிவிட்டு மறுபடி உட்காருவார்கள்.

பாதத்தின் எலும்பு மேடுகளைப் பற்றி இன்று உலகம் அறிந்திருக்கும் ஒரு பெரிய உண்மைக்கும், எங்கள் வாசலில் தெரியும் அந்த மலைக்கும் தொடர்பு இருக்கிறது. அதை நான் வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879இல் பிறந்த ஈவ்லின், ஓவியம் கற்றவர். மிஷன் ஊழியராக இந்தியா வந்து, 1913இல் ஜெஸ்ஸி பிராண்டைத் திருமணம் செய்து, கொல்லிமலையில் குடியேறினார். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் அந்த மலையில் பிறந்தார். மலைக்கு அப்போது சாலை கிடையாது. ஜெஸ்ஸி முழுமையான மருத்துவர் அல்லர். ஆனாலும் பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல வெளியே இழுத்தார். அந்தப் புழு பெரும்பாலும் கணுக்கால் பக்கம், பாதத்தில்தான் தோலைத் துளைத்துக்கொண்டு வரும். குடிநீர்க் குளத்தில் காலை வைத்தால் முட்டைப்புழுக்களை நீரில் விடும். அந்த நீரைக் குடிப்பவருக்குள் போகும். குடத்தோடு படியிறங்கித் தண்ணீரில் நின்றவர்கள் பெண்கள். 2000இல்தான் இந்தியா அந்த நோய் இல்லாத நாடாகச் சான்று பெற்றது.

1929இல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் இந்தியாவிலேயே வேலையைத் தொடர்ந்தார். ஓய்வு வயதில், அறுபத்தெட்டைத் தாண்டிய நிலையில், ஊர் திரும்பாமல் தன் விருப்பத்தில் மறுபடி மலைக்கே போனார். மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாகச் சுற்றினார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். 1974இல், 95 வயதில் இறக்கும்வரை மலைதான் வீடு. வெள்ளைக்கார ஆட்சியின் நிழலில் மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மகன் உலகப் புகழ் பெற்ற அறுவை மருத்துவராக நினைக்கப்படுகிறார். அம்மா 'பிராண்ட் பாட்டி'யாக நினைக்கப்படுகிறார். முறிந்த எலும்போடு மலையேறிய பெண்ணுக்கு வரலாறு கொடுத்த பதவி பாட்டி.

பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அது ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காக மட்டும் தொடங்கிய மருத்துவப் பள்ளி. ஆண் மாணவர்களைச் சேர்த்ததே 1947இல்தான். தொழுநோயில் சதை அழுகி விரல்கள் தானாக உதிர்கின்றன என்று உலகமே நம்பிய காலம் அது. பிராண்டும் அவருடைய குழுவும் நோயாளிகளின் கைகளையும் பாதங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். சதை அழுகவில்லை. நோய் நரம்பைக் கொன்றுவிடுகிறது, வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் காயம் தொடர்ந்து அடிபடுகிறது. பாதத்தில் புண் வரும் இடங்களும் ஏனோதானோ என்று அமைந்தவை அல்ல. பெருவிரலின் அடி, முன்பாதத்து எலும்புத் தலைகள், குதிகால், வெளிவிளிம்பு மேடு. எங்கே எலும்பு தோலுக்கு அருகில் இருக்கிறதோ, எங்கே பாரம் அதிகம் விழுகிறதோ, அங்கேதான் புண். வலியை அறிந்த நாம் நடக்கும்போது அறியாமலே பாரத்தைச் சற்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். வலி அறியாத பாதம் அதே மேட்டில் அதே அழுத்தத்தை ஆயிரக்கணக்கான அடிகளுக்குத் தாங்குகிறது. உள்ளே சதை நைந்து, பிறகு தோல் உடைகிறது.

மருந்து என்ன? மிருதுவான ரப்பர் அடி வைத்த செருப்பு. வேலூரிலும், 1955இல் அருகே கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் அந்தச் செருப்புக்காகப் பாடுபட்டார்கள். புண் வந்துவிட்டால் ஓய்வு. பாதம் முழுவதையும் ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு, பாரம் ஒரே மேட்டில் விழாமல் பரவச் செய்யும் முறையை 1930களிலேயே இலங்கையில் மருத்துவர் மில்ராய் பால் கையாண்டிருந்தார். பிராண்ட் அதை வளர்த்து, 1966க்குப் பிறகு அமெரிக்காவில் லூயிசியானாவின் கார்வில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தொழுநோய்ப் பாதத்துக்குக் கண்டுபிடித்தது சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும் பொருந்தியது. அங்கும் சாவது நரம்பு. அங்கும் புண் வருவது அதே எலும்பு மேடுகளில். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் முறை பரவியதில் கார்வில் ஆய்வுகளுக்குப் பெரிய பங்குண்டு. இன்று உலகெங்கும் சர்க்கரை நோய் மருத்துவர்கள் அதைச் செய்கிறார்கள். நானும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸை இங்கே விட்டுவிட முடியாது. 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1960களில் வேலூரில் அதற்கென ஒரு நிலையத்தையே உருவாக்கினார். தண்டுவடம் அடிபட்டவருக்கும் ஆபத்து எலும்பு மேடுகளில்தான்: இடுப்பின் பின்புறம், குதிகால், கணுக்கால் மொளி. உணர்வில்லாத காலோடு வாழ்ந்த ஒரு பெண், உணர்வில்லாத உடல்களைக் காக்கும் வழியை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மாவுக்கட்டுப் போட்ட பாதத்துக்கு ஓய்வு வேண்டும். சரி. பெண்ணின் பாதத்துக்கு ஓய்வு யார் கொடுப்பது? கழற்ற முடியாத மாவுக்கட்டு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், கழற்ற முடியாது என்பதே. கழற்ற முடிந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மிருதுவான செருப்பு சரி. ஆனால் சமையலறைக்குள், வாசலுக்கு, கோயிலுக்கு, பிறர் வீட்டு வேலைக்குப் போகும்போது அவள் வெறுங்காலோடுதான் இருக்கிறாள். ஆதிக்க சாதித் தெருவுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவைத்த ஊர்கள் நம்மிடம் இருந்தன. அங்கே செருப்பை மருந்தாக எழுதிக் கொடுத்தால் அந்த மருந்தைச் சாப்பிடவே அனுமதி இல்லை என்றுதான் பொருள்.

அதற்கும் மேல், புண் வந்துவிட்டது என்று சொல்லவே அவள் அஞ்ச வேண்டியிருந்தது. 1955இன் இந்து திருமணச் சட்டத்தில், குணப்படுத்த முடியாத கடுமையான தொழுநோய் மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்று. 1939இன் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட மற்றச் சட்டங்களிலும் தொழுநோய் இருந்தது. 1980களிலேயே கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து நோய் குணமாகத் தொடங்கிவிட்டது. அந்தச் சொல் சட்டங்களிலிருந்து நீங்கியதோ 2019இல். எழுத்தில் இந்து திருமணச் சட்டம் இருபாலருக்கும் பொதுவானதுதான். ஆனால் புண்ணோடு தாய்வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்தவர்கள் யார் என்று எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இனி அம்மாவின் பாதத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை. மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பேன். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "சந்தைக்குப் போனப்ப ஒத்தச் செருப்பு எங்கியோ கழண்டு போச்சு கண்ணு. வூட்டுக்கு வந்துதான் பாத்தேன்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். காலில் இருக்கும் செருப்பு கழன்றுபோனதே தெரியவில்லை என்றால் பாதத்தின் உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். அது நான் தேர்வில் கேட்கும் கேள்வி.

அன்று காலையில்தான் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டிருந்தேன். புறங்காலைத்தான் தொட்டேன். உள்ளங்காலைப் பார்க்கவில்லை. பெற்றவள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறோம். திருப்பிப் பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை.

நான்கு மாதம் கழித்து அப்பா போனில் கூப்பிட்டார். அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது, அறையில் ஏதோ வாடை அடிக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டாம் விரலுக்கு நேர் கீழே, எலும்புத் தலை இருக்கும் இடத்தில், காய்ப்புக்கு நடுவே ஒரு குழி. சீழ். கிழங்கு உரிக்கக் குந்தியிருந்த காலமெல்லாம் பாரம் விழுந்த அதே இடம். "ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன். அம்மா என்னைத்தான் சமாதானப்படுத்தினார்: "வலிச்சிருந்தாச் சொல்லியிருக்க மாட்டனா சாமி? அது காச்சுப் போயி ரொம்ப நாளாச்சு."

மருத்துவமனையில் இரண்டாம் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். வீக்கத்தில் மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். விரல் போகப்போகிறது என்றபோது அழாத அம்மா, அப்போது அழுதார். "உங்கப்பன் உசுரோட இருக்கறப்பவே மெட்டிய எடுக்கறதா?" பக்கத்தில் நின்ற அப்பா, "நான் இங்கதான இருக்கறேன், எடுக்கச் சொல்லு" என்றார். விரலைவிட மெட்டி பெரிதாக இருந்தது அம்மாவுக்கு. அப்படித்தானே வளர்த்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு ஓய்வு. பாதத்தில் பாரம் வைக்கக் கூடாது என்றார்கள். இரண்டாம் வாரமே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் தம்பிக்கும் அது தவறாகவே படவில்லை. "ரெண்டு எட்டுதானே" என்றார்கள். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை இரண்டு எட்டு என்பதை அன்று உட்கார்ந்து எண்ணினேன். கிணற்றடி, அடுப்படி, ஆட்டுப் பட்டி, வாசல். மாலைக்குள் எண்ணிக்கை விட்டுப்போனது. தம்பியைக் கூப்பிட்டு, புண் இருக்கும் இடத்தைக் காட்டி, அதன்மேல் உடம்பின் பாரம் எப்படி விழுகிறது என்று விளக்கினேன். ஒரு மணிநேரம் ஆனது. அன்றிலிருந்து உலை வைப்பது அவன் வேலை. புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. மருந்தைக் காட்டிலும் அந்த ஏற்பாடுதான் ஆற்றியது என்று நினைக்கிறேன்.

கால் எலும்புகளை நான் மேடு, விளிம்பு, தலை என்று பெயர்களாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவை பாரம் விழும் இடங்கள் என்பதை என் அம்மாவின் காலில் படித்தேன். யார்மேல் பாரம் விழுகிறது, அதை யார் இறக்கிவைக்கிறார்கள், யாரால் இறக்கிவைக்க முடிவதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பாடம் முழுமையாகாது.

இப்போது கால் பாடத்தின் முடிவில் மாணவர்களுக்கு, பையன்களுக்கும் சேர்த்து, ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். காய்ப்பு எங்கே இருக்கிறது, எந்த எலும்பின்மேல், எந்த வேலையால் வந்தது என்று அவரையே கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். போன வருடம் ஒரு பையன் எழுதியிருந்தான்: அம்மா இரண்டு முறை காலை இழுத்துக்கொண்டார், மூன்றாம் முறை கேட்டபோது, "கோழிப் பண்ணையில கால் கழுவிட்டு வந்து காட்டறேன், அழுக்கா இருக்கும்" என்றார். கழுவாமலே காட்டச் சொல்லி, தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தானாம். குதிகால் வெடிப்பில் ஒரு தீவனக் குருணை இருந்தது. அம்மாவுக்கு அது குத்தியதே தெரியவில்லை.

மறுநாள் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.